கட்டணப் பாக்கிக்காக டி.சி. தர மறுக்கும் பள்ளி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் முடிந்தால் போதும், தமிழ்நாட்டில் தனியார் பள்ளி அலுவலக ஜன்னல்களில் ஒரே உரையாடல்தான். “டி.சி. வேணும் மேடம்.” “பேலன்ஸ் எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்களா?” அப்புறம் தாளாளர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை வாங்க, மொத்தமா கட்டிட்டு வாங்க. அதற்குள் ஜூன் வந்துவிடும், புதுப் பள்ளியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள். பள்ளிகள் நம்பியிருப்பது அந்தப் பயத்தைத்தான். மெட்ரிக், நர்சரி பிரைமரி, சுயநிதிப் பள்ளி என்று எதில் பிள்ளை படித்தாலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பாக்கி இருந்தால் டி.சி.யைப் பிடித்து வைக்கப் பள்ளிக்கு உரிமை உண்டா?

எட்டாம் வகுப்பு வரை கிடையாது. இது யாரோ ஒருவரின் கருத்தல்ல, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. ஒரு குழந்தை எந்தக் காரணத்துக்காகப் பள்ளி மாறினாலும், கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை (டி.சி.) உடனடியாகத் தர வேண்டும் என்கிறது அது. ‘பாக்கி இல்லாவிட்டால்’ என்ற நிபந்தனையைப் பிரிவு முழுக்கத் தேடினாலும் காண முடியாது. தாமதப்படுத்தும் தலைமை ஆசிரியர் மீது அவருடைய பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு முதல் இந்தச் சட்டம் எட்டாது. ஆறு முதல் பதினான்கு வயது வரைதான் அதன் எல்லை. அங்கே நீதிமன்றத் தீர்ப்புகள்தான் துணை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, டி.சி. என்பது பள்ளிகள் பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல, அது பிள்ளையின் பெயரில் தரப்படும் தனிப்பட்ட ஆவணம் என்று சொன்னது. பாக்கி இருப்பதை டி.சி.யில் எழுதக் கூடாது என்றும், அதற்கேற்பக் கல்வி விதிகளைத் திருத்த வேண்டும் என்றும் அரசுக்கு உத்தரவிட்டது. பயனுள்ள தீர்ப்புதான். ஆனால் தீர்ப்பு என்றால் மேல்முறையீடு, இடைக்காலத் தடை என்று கதை நீளும், பள்ளி நிர்வாகங்களும் சும்மா இருப்பவர்கள் இல்லை. அதனால் எட்டாம் வகுப்பு வரை என்றால் உங்கள் மனுவில் சட்டப் பிரிவை முதலில் எழுதுங்கள், தீர்ப்பை இரண்டாவதாக எழுதுங்கள், அதற்கு முன் அந்த வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பழைய செய்தித்தாள் துண்டை நீட்டினால், அவர்கள் வேறொரு துண்டை நீட்டுவார்கள்.

இன்னொரு வாதமும் இருக்கிறது. அடகு வைத்த நகையைப் போலச் சான்றிதழை ஈடாகப் பிடித்து வைக்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, வங்கி போன்ற சிலருக்குத்தான் தங்களிடம் உள்ள பொருளைப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் உரிமையைத் தருகிறது, கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் பண்டமே இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கும் பொருந்தும், கல்லூரி மாணவருக்கும் பொருந்தும்.

அப்போ பாக்கியைக் கட்டவே வேண்டாமா?

கட்ட வேண்டும். டி.சி. கொடுத்துவிட்டதால் கடன் அழிந்துவிடாது. பள்ளி நோட்டீஸ் அனுப்பலாம், சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். பொதுவாக இதற்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. பாக்கி பெற்றோருடையது, சான்றிதழ் பிள்ளையுடையது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது என்பதுதான் மொத்த வாதமும்.

பள்ளி தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தெருவுக்குள் இருக்கும் சின்ன நர்சரி பிரைமரிப் பள்ளியில், மூன்றாம் பருவக் கட்டணத்தைக் கட்டாமலே நாலு குடும்பம் போய்விட்டால் ஒரு டீச்சரின் சம்பளம் போய்விடும். கையில் காசு வைத்துக்கொண்டே ஏமாற்றுகிற பெற்றோரும் உண்டு. அதற்கு வழி கோர்ட்டும் நோட்டீஸும்தானே தவிர, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு வருடம் அல்ல.

அவர்கள் சொல்லும் பாக்கித் தொகை சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

இதைத்தான் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. முதலில் தொகையை உடைத்துக் கேளுங்கள். கல்விக் கட்டணம் எவ்வளவு, வேன் எவ்வளவு, புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா, அபராதம் எவ்வளவு என்று தலைப்பு வாரியாக, எழுத்தில். வாயால் ‘முப்பத்தெட்டாயிரம் நிக்குது’ என்று சொல்லும் அலுவலகம், எழுதிக் கொடு என்றால் திடீரென்று ‘அக்கவுண்டன்ட் லீவு’ என்று சொல்வதைப் பார்க்கலாம்.

ஏனென்றால் தமிழ்நாட்டில் தனியார் பள்ளி தன் இஷ்டத்துக்குக் கட்டணம் வைக்க முடியாது. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (இது கல்வி உரிமைச் சட்டம் அல்ல, வேறு சட்டம்), ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்பு வாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது, அது மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். குழு நிர்ணயித்ததற்கு மேல் வாங்குவது குற்றம். உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை என்ன என்று அறிந்துகொண்டு, இதுவரை கட்டிய ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள். சில பேருக்குப் பாக்கியே இருக்காது, பள்ளிதான் திருப்பித் தர வேண்டியிருக்கும். கூடுதலாக வாங்கியதைக் குறித்து அந்தக் குழுவிடமே எழுதிப் புகார் கொடுக்கலாம்.

ரசீது இல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த பணத்துக்கு என்ன செய்வது? ஜி.பே., வங்கிக் கணக்கு, டைரியில் கிளாஸ் டீச்சர் போட்ட கையெழுத்து, எது இருக்கிறதோ அதை எடுத்து வையுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அந்தத் தொகையை நிரூபிப்பது கஷ்டம்.

“அடுத்த வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் டி.சி.” என்கிறார்கள். நியாயமா?

இல்லை. படிக்காத வருடத்துக்குக் கட்டணம் என்பது பாக்கியே அல்ல. மே மாதம் வரை சொல்லவில்லை, ஜூனில் வந்து கேட்கிறீர்கள், சீட் வீணாகிவிட்டது என்பார்கள். அந்த இடத்தில் வேறு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டே இதையும் சொல்வார்கள். மாறப் போவது ஏப்ரலிலேயே தெரிந்தால் அப்போதே எழுதிக் கொடுத்து, தேதியோடு சீல் வாங்கிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

டி.சி. இல்லாமல் அரசுப் பள்ளியில் சேர்க்க முடியுமா?

ஒன்று முதல் எட்டு வரை முடியும். டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாது என்று அதே 5ஆம் பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி இரண்டுக்கும் இது பொருந்தும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஒரு சுயநிதிப் பள்ளியிலிருந்து இன்னொரு சுயநிதிப் பள்ளிக்கு மாறுவதை அந்தப் பிரிவு உரிமையாகத் தரவில்லை. எனவே புதிய தனியார் பள்ளி ‘டி.சி. கொண்டு வா’ என்று நின்றால், அங்கே 5ஆம் பிரிவைக் காட்டிச் சண்டை போட முடியாது. பழைய பள்ளியிடம்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களில் பலர் நல்லபடியாகச் சேர்த்துக்கொள்வார்கள். சிலர் வம்பு வேண்டாமே என்று தயங்குவார்கள், அவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை. வட்டாரக் கல்வி அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னால் முடிந்துவிடும்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இந்தத் தலைவலியே தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ் போதும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூடச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு.

டி.சி. இல்லாமல் சேர்த்துவிட்டோம், ஆனால் எமிஸ்ஸில் பிள்ளை பழைய பள்ளியிலேயே இருக்கிறதாம். இது என்ன?

இப்போதெல்லாம் உண்மையான பூட்டு காகிதத்தில் இல்லை, இதில்தான் இருக்கிறது. எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவேடு, தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஒரு எண் உண்டு. பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து விடுவித்து ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான், புதிய பள்ளி எடுத்துத் தன் பட்டியலில் சேர்க்க முடியும். காகித டி.சி.யைக் கொடுத்துவிட்டு எமிஸ்ஸை மட்டும் விடாமல் வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், ஆனால் கணக்கில் இருக்காது, விலையில்லாப் பாடநூல், உதவித்தொகை, பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் எல்லாம் எமிஸ்ஸை வைத்துத்தான் நடக்கிறது என்பதால் பிற்பாடு இடிக்கும்.

அதனால் பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்திலேயே எமிஸ் பதிவையும் விடுவிக்க வேண்டும் என்று எழுதுங்கள். விடவில்லை என்றால் புதிய பள்ளித் தலைமை ஆசிரியர் மூலம் வட்டார அல்லது மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.

பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் தர மறுக்கிறார்கள்.

அது பள்ளியின் சான்றிதழே இல்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குவது, பள்ளி அதை விநியோகிக்கும் இடம் மட்டும்தான். பதற வேண்டாம், அவசரத்துக்கு வழி இருக்கிறது: இயக்ககத்தின் இணையதளத்தில் பதிவெண், பிறந்த தேதி போட்டுத் தற்காலிக மதிப்பெண் சான்றிதழைப் பதிவிறக்கலாம், டிஜிலாக்கரிலும் மதிப்பெண் சான்றிதழ் கிடைக்கும். பாலிடெக்னிக், பொறியியல் கலந்தாய்வு என்று விண்ணப்பிக்கும் கட்டத்தை இதை வைத்தே தாண்டலாம். அசல் கையில் வேண்டும் என்ற கட்டம் வருவதற்குள் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அரசுத் தேர்வுகள் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் புகார் போயிருக்க வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது? யாரிடம் போவது?

எழுத்தில் கேளுங்கள். பத்து தடவை நேரில் போய் நின்றதற்குச் சாட்சி கிடையாது, ஒரு கடிதத்துக்கு உண்டு. நீளமாக வேண்டாம், திட்டவும் வேண்டாம். இவ்வளவு போதும்:

“என் மகள் தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் படித்து முடித்துள்ளார். அவரை வேறு பள்ளியில் சேர்க்க உள்ளதால் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வழங்கி, எமிஸ் பதிவையும் விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டண நிலுவை இருப்பதாகத் தாங்கள் கருதினால் அதன் விவரத்தைத் தலைப்பு வாரியாக எழுத்தில் தரவும். அதைத் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.”

பெயர், வகுப்பு, எமிஸ் எண், தேதி, கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பள்ளி சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, தபால் நிலையத்தில் போய் அதைக் கேட்டு முழிக்காதீர்கள்.) கடைசி வாக்கியத்தை எடுத்துவிடாதீர்கள். நீங்கள் ஏமாற்றிவிட்டு ஓடவில்லை என்பதை அதுதான் காட்டும், அதிகாரி முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஒரு வாரம் பாருங்கள். பதில் இல்லையென்றால் கடித நகலோடு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகம். 2022 சீரமைப்புக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கென்றே தனி அலுவலர் இருக்கிறார், தொடக்கக் கல்வி அலுவலகத்தில் போய்க் காத்திருந்து திரும்ப வேண்டாம். அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் அது எண் போட்டு இதே அலுவலகத்துக்குத்தான் வரும், ஆனால் எண்ணோடு வருவதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. முதல்வரின் உதவி மையம் 1100, கல்வித் துறையின் 14417 இரண்டிலும் பதியலாம். அனுபவத்தில் பார்த்தால், அலுவலரிடமிருந்து ஒரு போன் போனதுமே பாதிப் பள்ளிகள் இறங்கி வந்துவிடும்.

சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால் வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

“பின்தேதி செக் கொடுங்க, டி.சி. தரோம்” என்கிறார்கள். கொடுக்கலாமா?

அந்தத் தேதியில் கணக்கில் பணம் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் கொடுங்கள். தெரியாவிட்டால் வேண்டவே வேண்டாம். செக் திரும்பினால் சிவில் கடனாக இருந்தது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின் கீழ்க் குற்ற வழக்காகிவிடும். இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். தொகை எழுதாத செக், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து, இவற்றைப் பற்றி யோசிக்கவே கூடாது.

அதற்குப் பதில் தவணைக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். மாதம் இவ்வளவு, இந்தத் தேதிக்குள், மொத்தம் இவ்வளவு என்று தெளிவாக. ஒன்று தெரிந்து எழுதுங்கள்: கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த மூன்று ஆண்டுக் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும். நீங்கள் ஏற்காத தொகையை அதில் சேர்த்து எழுதச் சொன்னால் எழுதாதீர்கள்.

டி.சி. கொடுத்தார்கள், ஆனால் ‘கட்டணம் செலுத்தவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

நம் டி.சி. படிவத்திலேயே, செலுத்த வேண்டிய கட்டணம் அனைத்தையும் மாணவர் செலுத்திவிட்டாரா என்று ஒரு கட்டம் பல காலமாக இருக்கிறது. பெரும்பாலும் ‘ஆம்’ என்று நிரப்பிவிடுவார்கள், அதனால் யார் கண்ணிலும் படாது. கோபத்தில் இருக்கும் பள்ளி அதில் ‘இல்லை’ போடும், இன்னும் கோபம் என்றால் நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்பதற்குப் பதில் வேறேதாவது எழுதும். 2024 தீர்ப்பு இந்த மாதிரிக் குறிப்புகளைத்தான் கண்டித்தது. கையில் வாங்கியதும் அங்கேயே நின்று எல்லாக் கட்டங்களையும் படியுங்கள்: பெயரின் எழுத்து, பிறந்த தேதி, அடுத்த வகுப்புக்குத் தகுதி, நடத்தை, கட்டணம். திருத்த வேண்டியிருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள்.

25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை. அரசு பணம் தரவில்லை, நீ கட்டு என்கிறார்கள்.

தனியார் பள்ளியில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்காகக் கல்வி உரிமைச் சட்டம் தரும் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளையின் கல்விக் கட்டணத்தை அரசு பள்ளிக்கு ஈடுசெய்ய வேண்டும், 12ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பணம் தாமதமாவது அரசுக்கும் பள்ளிக்கும் இடையிலான கணக்கு. அதை உங்கள் பாக்கியாக எழுத முடியாது. ஆனால் எட்டாம் வகுப்போடு இந்தச் சலுகை முடிந்துவிடும், ஒன்பதிலிருந்து முழுக் கட்டணம். இதை முன்கூட்டியே யோசிக்காமல் அதே பள்ளியில் தொடர்ந்து, ஒன்பதாம் வகுப்பு நடுவில் மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய.

ஃபீஸ் கட்டவில்லை என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெயர் வாசித்து எழுப்பி நிற்க வைப்பது, பரீட்சை ஹாலிலிருந்து அனுப்புவது எல்லாம் இதற்குள் வரும். இதற்கு டி.சி. மனு மாதிரி ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், கல்வி அலுவலருக்கும் சொல்லுங்கள். கொரோனா ஆண்டின் கட்டண வழக்கில் 2021 மே மாதம் உச்ச நீதிமன்றமும், பாக்கிக்காக மாணவரை வகுப்பிலிருந்து தடுக்கவோ தேர்வு முடிவை நிறுத்தி வைக்கவோ கூடாது என்றது. ராஜஸ்தான் பள்ளிகள் தொடர்ந்த வழக்கு அது.

கோர்ட்டுக்குப் போனால் செலவு தாங்குமா?

வக்கீல் நோட்டீஸிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். முடியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. செலவுக்குப் பயந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், தொலைபேசி 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அதனால் அம்மா பெயரில் மனு கொடுங்கள், அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்க மாட்டார்கள்.

கல்லூரிக்கும் இதே கதைதானா?

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கையில் வைத்திருக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. சேரும்போதே ‘அசலை ஆபீஸில் கொடுத்துடுங்க’ என்றால், சரிபார்க்கும்வரை எதிரில் காத்திருந்து வாங்கிக்கொண்டு வாருங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியலிட்டு ரசீது வாங்குங்கள்.

தம்பி இன்னும் அதே பள்ளியில்தான் படிக்கிறான். புகார் கொடுத்தால் அவனைப் பழிவாங்குவார்களா?

நடக்காது என்று சொல்ல முடியாது. நேரடியாக எதுவும் செய்ய மாட்டார்கள், ஆனால் ஆண்டு விழா நடனத்தில் பெயர் விடுபடும், டைரியில் குறிப்புகள் கூடும். தம்பியையும் இந்த வருடமே மாற்றப் போகிறீர்கள் என்றால் இரண்டு டி.சி.யையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். அவன் அங்கேயே படிக்கட்டும் என்றால், கல்வி அலுவலரிடம் போகும் முன் தாளாளரை ஒருமுறை நேரில் பாருங்கள், அக்காவின் பாக்கிக்குத் தவணை சொல்லிவிட்டு, கடிதத்தையும் கையிலேயே கொடுங்கள். அவனுடைய இந்த வருடக் கட்டணத்துக்குத் தனி ரசீது கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அவனுக்குக் கட்டிய பணத்தை அக்காவின் பழைய பாக்கியில் கழித்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் அவன் பெயரில் பாக்கி காட்டுவார்கள்.